அந்தாகோச்சா பள்ளிக்கூடத்துப் பச்சைப் பெட்டிகள்

பச்சைப் பெட்டிகள் வந்து இறங்கியது ஜூன் மாதத்தில். மலைமேல் இருக்கும் அந்தாகோச்சாவில் ஜூன் என்றால் கடுங்குளிர், உறைகிழங்கு போடுகிற காலம். ராத்திரிப் பனியில் புல்வெளியில் பரப்பிவைத்த உருளைக்கிழங்கு காலையில் கல்லாய்க் கிடக்கும். வெயில் ஏறி அது இளகியதும் பெண்கள் வெறுங்காலால் மிதித்து மிதித்துத் தண்ணீரைப் பிழிவார்கள். அன்றைக்கும் மிதித்துக்கொண்டிருந்தார்கள். மலைப்பாதையில் ஒரு வண்டி முக்கி முனகி ஏறிவரும் சத்தம் கேட்டதும், பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். வண்டி என்று ஒன்று எப்போதாவது வருகிற ஊர் அது.

வண்டி பள்ளிக்கூட முற்றத்தில் வந்து நின்றது. தலைமையாசிரியர் லியோன்சியோ சோக்கே கையிலிருந்த சாக்குக்கட்டியோடு வெளியே வந்தான். டிரைவர் அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான்.

“தலைநகரத்துலேர்ந்து வருது வாத்தியாரே. பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர். ஆளுக்கு ஒண்ணு.”

“எதுக்கு?”

“என்கிட்ட கேட்டா? நான் சுமக்கிறவன். ஒண்ணு மட்டும் சொல்லிவிட்டாங்க. ஒடைஞ்சாலும் தொலைஞ்சாலும் நீங்கதான் பதில் சொல்லணுமாம்.”

அடுத்த வகுப்பறையிலிருந்து லியோன்சியோவின் மனைவி டெல்ஃபினா வந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அவர்கள் இருவர்தான். சின்ன வகுப்புகள் அவளுக்கு, பெரிய வகுப்புகள் அவனுக்கு. நடுவில் பலகைத் தடுப்பு. பின்பக்கம் ஒரு அறையும் அடுப்படியும், அதுதான் குடியிருப்பு. அவள் அட்டையைக் கிழித்து ஒன்றை வெளியே எடுத்தாள். பச்சையும் வெள்ளையுமாய், கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி. இரண்டு பக்கமும் முயல் காது மாதிரி இருந்ததைத் தூக்கியதும் மூடி திறந்துகொண்டது. பிள்ளைகள் ‘ஓ’ என்று கத்தினார்கள்.

லியோன்சியோ அன்று மாலையே எல்லாவற்றையும் தன் வகுப்பு அலமாரியில் அடுக்கிப் பூட்டினான். தனக்குச் சேர வேண்டியவற்றை டெல்ஃபினா மறுநாள் சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள்.

இதில் லியோன்சியோவைக் குறை சொல்ல அவ்வளவு எளிதில் முடியாது. அவன் பிறந்ததும் இதுபோல ஒரு மேட்டுக்காட்டு ஊரில்தான். ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாமல் பள்ளிக்கூடம் போனவன். அங்கிருந்த வாத்தியார் ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதி, பக்கம் நிறையும்வரை எழுதவைப்பார். விரல் மரத்துப்போய் நிறுத்தினால் கயிற்றுச் சாட்டை காலில் விழும். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக ஓடிப்போனார்கள். லியோன்சியோ எழுதினான். எழுதி எழுதித்தான் ஒரு நாள் அந்த எழுத்துகள் அவனுக்குள் பேச ஆரம்பித்தன. அவன் அண்ணன்கள் இரண்டு பேரும் சுரங்கத்துக்குப் போய், நுரையீரல் முழுக்கக் கல்தூளோடு இருமிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் கோட்டுப் போட்ட வாத்தியார். கை வழியாகத்தான் படிப்பு மண்டைக்குள் போகும் என்று அவன் சொல்லும்போது, எங்கேயோ வாசித்ததைச் சொல்லவில்லை. அவன் உடம்பு அதற்குச் சாட்சி.

டெல்ஃபினா வேறு மாதிரி. மாகாணத் தலைநகரின் சந்தையில் மூலிகை விற்றவளின் மகள். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டே எல்லாம் கற்றுக்கொண்டவள். பிள்ளை கேள்வி கேட்காத வகுப்பில் அவளுக்கு மூச்சுமுட்டும்.

பெட்டிகளை அவள் முதலில் பிள்ளைகள் கையில் கொடுத்து, “என்ன வேணா பண்ணுங்க, அப்புறம் என்ன கண்டுபிடிச்சீங்கன்னு சொல்லுங்க” என்று விட்டுவிட்டாள். இரண்டே நாளில் அது படம் பிடிக்கும், குரலைப் பிடித்துவைத்துத் திரும்பச் சொல்லும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். நாயைப் பிடித்தார்கள், ஓடையைப் பிடித்தார்கள், ஒருவன் தன் மாமனின் குறட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தான். பிடித்ததன் கீழே அதன் பெயரை எழுத வேண்டும். முதலில் ஊர்மொழியான கெச்சுவாவில், பிறகு ஸ்பானிஷில். இதுதான் அவள் பாடம்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் லியோன்சியோவின் வகுப்பு தலைகுனிந்து எழுதிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். பேனாக்கள் நிற்கும். அவன் பிரம்பால் மேசையைத் தட்டுவான்.

ஒரு நாள் தடுப்புக்கு அப்பாலிருந்து வந்த குரலைக் கேட்டு அவனே நின்றுவிட்டான். அது செனாவின் குரல். அவர்களுடைய ஒரே மகள் செனாய்டா; ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பிள்ளை. வீட்டில் கெச்சுவா பேசக்கூடாது என்பது லியோன்சியோவின் கண்டிப்பு. நாக்கு முதலிலேயே ஸ்பானிஷுக்குப் பழகட்டும் என்று. அவளோ ஸ்பானிஷும் பேசாமல், கெச்சுவாவும் பேசாமல், இரண்டுக்கும் நடுவில் ஊமையாய் நின்றுவிட்டாள். கறிக்காக அடுப்படியில் வளர்க்கிற கினிப்பன்றிகளோடு மட்டும் யாரும் இல்லாத நேரத்தில் பேசுவாள். அந்தப் பேச்சைத்தான் பெட்டிக்குள் பிடித்து வந்திருந்தாள். ‘நீ குண்டு, நீ திருடி, உன்னத்தான் முதல்ல வறுப்பாங்க’ என்று கினிப்பன்றியைத் திட்டும் குரல் வகுப்பு முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சாப்பிடும்போது டெல்ஃபினா சொன்னாள், “கேட்டியா? உம் பொண்ணு பேசினா.”

“கெச்சுவால.”

“பேசினா லியோன்சியோ. அப்புறம் ‘திருடி’ன்னு தானாவே எழுதினா. எழுத்துக்கூட்டி வாசிச்சா. நான் சொல்லித் தரல.”

அவன் சூப்பை ஊதினான். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அந்த மகிழ்ச்சி தன்னால் வரவில்லை என்பதுதான் குத்தியது. “கெச்சுவா பேசி எவன் பிழைச்சான்?” என்றான். “எங்கண்ணன் பேசுறான், நாள் பூரா. இருமலுக்கு நடுவுல.”

“உனக்கு விழுந்த சாட்டைய எல்லாரும் வாங்கணுமா?”

“அது விழலேன்னா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன்.”

“கூடப் படிச்ச மத்தவங்க? அவங்களுக்கும்தானே விழுந்துச்சு? அவங்க எங்க உக்காந்திருக்காங்க?”

அவன் எழுந்துபோய், அடுப்பெரிக்க உலர்த்தின சாணத்தை உள்ளே எடுத்துவைக்க ஆரம்பித்தான்.

வருஷம் இப்படியே ஓடி நவம்பர் வந்தது. ஒட்டகச் சாதியான அல்பாக்காக்களுக்கு மயிர் கத்தரிக்கிற மாதம். இலாரியோவின் பட்டியில் கத்தரிப்பு நடந்தது. இலாரியோ பெற்றோர் சங்கத்துக்குத் தலைவன். செனாவின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாய் நின்றவனும் அவன்தான். டெல்ஃபினா பிள்ளைகளையும் பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். ஆண்கள் ஒரு அல்பாக்காவைக் காலைக் கட்டிப் படுக்கவைப்பார்கள். ஒருவன் கழுத்தைப் பிடிப்பான், ஒருத்தி கத்தரிப்பாள். போர்வை மாதிரி ஒரே பாளமாய் மயிர் உரிந்து வரும். அவிழ்த்துவிட்டதும் அது எழுந்து, உடம்பு இளைத்து, வெட்கப்பட்டது போல நிற்கும். பிள்ளைகள் அதையெல்லாம் பிடித்தார்கள். யார் யார் என்ன வேலை, மயிர் எத்தனை வகை, எந்த வகை எந்த விலைக்குப் போகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். இலாரியோகூட மீசையைத் தடவிக்கொண்டு ஒரு படத்துக்கு நின்றான்.

மேற்கே மேகம் திரண்டதை யாரும் கவனிக்கவில்லை. கத்தரிப்பு மும்முரத்தில் ஆலங்கட்டி விழ ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்தார்கள். அந்த வெட்டவெளியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. டெல்ஃபினா பிள்ளைகளைக் கல்சுவரின் அடியில் தள்ளிப் படுக்கவைத்து, மேலே கம்பளிகளைப் போர்த்தினாள். மின்னலும் இடியும் ஒன்றாய் வந்தன. ஓய்ந்து எழுந்தபோது இலாரியோவின் பொலிகடா பட்டியின் நடுவில் கால் விரைத்துக் கிடந்தது. அதன் வம்சத்தை நம்பித்தான் அவன் மந்தையே இருந்தது. கத்தரிக்க வந்திருந்த பசீலியாவின் மகனுக்கு ஆலங்கட்டி பட்டு நெற்றி பிளந்து ரத்தம். பெட்டிகள் சேற்றில் சிதறிக் கிடந்தன. ஒன்று ஓடையோடு போய்விட்டது.

மறு ஞாயிறு பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஆண்கள் பெஞ்சிலும், பெண்கள் தரையில் நூல் நூற்றபடியும் இருந்தார்கள். வாயில் அடக்கி மெல்லுகிற கொக்கா இலைப் பை கைமாறிக்கொண்டிருந்தது.

பசீலியாதான் ஆரம்பித்தாள். “இடிய இழுத்தது அந்தப் பெட்டிங்கதான். உள்ள ஏதோ கம்பி இருக்காமே.”

“இல்லம்மா, அப்படியெல்லாம் இழுக்காது” என்றாள் டெல்ஃபினா.

“இத்தன வருஷமா அந்தப் பட்டியில விழாத இடி, உங்க பெட்டி வந்த அன்னிக்குப் பாத்து விழுந்துச்சு. எம் மகன் நெத்தியப் பாருங்க.”

“தொலைஞ்சதுக்கு யாரு குடுக்கிறது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “ஆளுக்கு ஒரு அல்பாக்காவ வித்துட்டு நிக்கணுமா?”

இலாரியோ கையைத் தூக்கி அவர்களை அமர்த்தினான். இறந்த கடாவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

“டீச்சரம்மா, நீங்க நல்லவங்க. பிள்ளைங்க உங்க மேல உசுரா இருக்குதுங்க. ஆனா நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. எம் மகன் ராத்திரி வந்து எனக்குச் சொல்றான், அல்பாக்கா மயிர்ல இத்தன வகை இருக்குன்னு. ஏம்மா, அத அவனுக்குச் சொன்னதே நான்தானே? எங்கிட்ட கேட்டு எழுதிக்கிட்டுப் போய், எங்கிட்டயே வந்து சொல்றான். இதுக்கு அவன் வீட்டுலயே இருக்கலாமே? மந்தையாவது பாப்பான்.”

சிலர் சிரித்தார்கள்.

“தெரிஞ்சதுலேர்ந்துதான் தெரியாததுக்குப் போகணும் இலாரியோ” என்றாள் டெல்ஃபினா. “அவன் அத ஸ்பானிஷ்லயும் எழுதினான். கணக்குப் போட்டான். மயிர வாங்குற வியாபாரி உங்கள எப்படி ஏமாத்துறான்னு அவனே கண்டுபிடிச்சான். சொன்னானா?”

“சொன்னான். தெரிஞ்சு என்ன பண்ண? வியாபாரிகிட்ட பேச ஸ்பானிஷ் வேணும். ஆபீசுக்குப் போனா எங்கள வெளிய நிக்கவச்சு, நாயப் பாக்கிற மாதிரி பாக்கிறான். எம் மகனும் அப்படி நிக்கக் கூடாது. எனக்குத் தெரியாததச் சொல்லிக்குடுங்க. தலைமையாசிரியர் வகுப்புல நோட்டு நிறைஞ்சு வருது. எனக்கு வாசிக்கத் தெரியாது; ஆனா நிறைஞ்சிருக்குன்னு தெரியுது. உங்க வகுப்புப் பிள்ள நோட்டு காலியா இருக்கு. எல்லாம் பெட்டிக்குள்ள இருக்குங்கிறீங்க. பெட்டியத் தொறந்தா கினிப்பன்றி கத்துது.”

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். டெல்ஃபினாவின் முகம் சிவந்தது. அவள் லியோன்சியோவைப் பார்த்தாள்.

அவன் கரும்பலகையை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். தன் மகள் அந்தக் கினிப்பன்றியால்தான் பேச ஆரம்பித்தாள் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கூட்டம் முழுவதும் திரும்பாவிட்டாலும் இலாரியோ கேட்டிருப்பான், ஞானத்தகப்பன் அல்லவா. அந்த வார்த்தை அவன் வாய்வரை வந்தது. கூடவே, வருஷம் முழுக்கத் தடுப்புக்கு அப்பாலிருந்து வந்த சிரிப்பும் வந்தது. நிறைந்த நோட்டு என்று இலாரியோ சொன்னதில் ஒரு இதமும் இருந்தது.

“நான் அப்பவே சொன்னேன்” என்றான் லியோன்சியோ.

பெட்டிகள் எல்லாம் அலமாரிக்குள் போக வேண்டும் என்று முடிவானது. பெண்கள் நூல்கதிர்களைச் சுற்றிக்கொண்டு எழுந்தார்கள்.

அடுப்படியில் அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தோல் மெலிசாய் நீளமாய் விழுந்தது.

“ஒரு ஊர எதுத்து நான் எப்படிப் பேசறது?” என்றான் அவன்.

“எதுக்கச் சொல்லல.”

“பின்ன?”

“சும்மா நின்னிருக்கலாம், தலைமையாசிரியரே. நீங்க சும்மா நின்னிருந்தாகூட நான் ஜெயிச்சிருக்க மாட்டேன். ஆனா உங்க வீட்டுல இருந்திருப்பேன்.”

அவள் அவனை வீட்டுக்குள் ‘நீங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மாற்றல் கேட்டு எழுதிப்போட்டாள். புது வருஷப் பள்ளி திறக்குமுன் உத்தரவு வந்துவிட்டது: கீழே பள்ளத்தாக்கில் லுக்மாபம்பா. சோளமும் பழமும் விளைகிற சூடான ஊர். மழையில் கரைந்த பாதையில் கோவேறு கழுதை மேல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு தாயும் மகளும் புறப்பட்டார்கள். செனாவுக்கு ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, லியோன்சியோ ஸ்பானிஷில், “அம்மா சொல்றதக் கேளு, நல்லா எழுது” என்றான். அவள் தலையாட்டினாள்.

அதன்பின் இரண்டு வகுப்புகளையும் அவனே பார்த்தான். டெல்ஃபினா இடத்துக்கு யாரும் வரவில்லை. தடுப்பை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தான். அறை அமைதியாய் இருந்தது. அவன் எப்போதும் விரும்பிய அமைதி. சாயங்காலம் அந்த அமைதி அப்படியே அடுப்படிக்கும் வந்து உட்காரும். கினிப்பன்றிகளுக்குப் புல் போடும்போது ஏதாவது பேசலாமா என்று இருக்கும். என்ன பேசுவது என்று தெரியாது. பசீலியா இரக்கப்பட்டு எப்போதாவது ஒரு சட்டி சூப் அனுப்புவாள்.

செப்டம்பரில் மேலிடத்திலிருந்து ஒரு ஆணை வந்தது. பெட்டிகளை எல்லாப் பள்ளிகளும் பயன்படுத்தியாக வேண்டும், பார்வையிட ஆள் வரும் என்று. பெற்றோரைக் கூட்டிச் சொன்னான். ஆணை என்றதும் யாரும் எதிர்க்கவில்லை. இலாரியோ மட்டும், “நோட்டு நிறையணும் வாத்தியாரே, அவ்வளவுதான்” என்றான்.

லியோன்சியோ யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். பாடத்தைக் கரும்பலகையில் எழுதுவான். பிள்ளைகள் அதை முதலில் நோட்டில் எழுத வேண்டும். பிறகு பெட்டியில் எழுத்து எழுத்தாய்த் தட்ட வேண்டும். இரண்டு தடவை எழுதினால் இரண்டு மடங்கு பதியும் அல்லவா. பெட்டி மேல் அவனுக்கு இருந்த கோபம்கூடத் தணிந்துவிட்டது. அதுவும் ஒரு நோட்டுதான், விளக்கு எரிகிற நோட்டு.

பார்வையிட வந்தவர் இளைஞர், பளபளக்கும் குளிர்ச்சட்டை போட்டிருந்தார். உயரம் ஒத்துக்கொள்ளாமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டே வந்தார். அன்று பாடம் மனித இதயம். லியோன்சியோ பாதிப் பலகை எழுதியிருந்தபோதுதான் வண்டிச் சத்தம் கேட்டது. வெளியே போய் வரவேற்று, மூலிகைத் தேநீர் கொடுத்து, உள்ளே கூட்டிவந்தான். ஒரு தலைகூட நிமிரவில்லை. டக் டக் என்று கூரைமேல் தூறல் மாதிரி சத்தம் மட்டும்.

“அற்புதம்!” என்றார் அவர். “நான் போன பள்ளிக்கூடத்துல எல்லாம் இது அலமாரியில தூங்குது சார். இல்லாட்டி பிள்ளைங்க பாட்டுக் கேட்டுக்கிட்டிருக்கு. இங்கதான் பாடம் நடக்குது. ஒழுங்கு! எப்படி சார் இது?”

“எழுதினா பதியும்” என்றான் லியோன்சியோ.

“அதான்! அதேதான்!” அவர் ஒவ்வொரு பிள்ளையின் தோளுக்குப் பின்னாலும் நின்று பார்த்தார், முதுகில் தட்டினார், படம் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் மாகாணத் தலைநகரில் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் லியோன்சியோ பேச வேண்டும் என்றும், மாதிரிப் பள்ளி என்று இதை எழுதப்போவதாகவும் சொல்லிவிட்டு, தலைவலியோடு வண்டியேறினார்.

லியோன்சியோ வாசலில் நின்று வண்டி மறையும்வரை பார்த்தான். டெல்ஃபினா இங்கே இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தான். நெஞ்சு நிமிர உள்ளே வந்து, வரிசையில் நடந்து, முதல் பெட்டியைக் குனிந்து வாசித்தான்.

‘இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேல் அறைகள் இரண்டு. உப்பு இரண்டு கிலோ. மெழுகுவத்தி. கீழ் அறைகள் இரண்டு.’

அவனுக்குச் சிரிப்பு வந்தது. காலையில் கடைக்கு ஆள் போகிறது என்று பலகையின் ஓரத்தில் தனக்காகக் குறித்துவைத்தது அது. பையன் சேர்த்துத் தட்டிவிட்டான். அடுத்த பெட்டியைப் பார்த்தான். உப்பு இரண்டு கிலோ. மெழுகுவத்தி. அதற்கடுத்ததைப் பார்த்தான். நடை வேகமாயிற்று. எல்லாப் பெட்டியிலும் இருந்தது. நோட்டுகளைப் பிரித்தான், அதிலும், அழகான உருண்டை எழுத்தில். பார்வையிட வந்தவர் முதுகில் தட்டிய ஒவ்வொரு பிள்ளையிடமும் இருந்தது.

ருஃபினா அவனுடைய நல்ல மாணவி, கடைசி வகுப்பு. மூன்று வருஷம் அவனிடம் எழுதியவள். அவள் முன்னால் நின்றான்.

“இது என்ன, ருஃபினா?”

“பாடம் சார்.”

“வாசி.”

தடுமாறாமல் வாசித்தாள், மணி அடித்தது போல. உப்பும் மெழுகுவத்தியும் அதே ராகத்தில் போயின.

“இதயத்துல உப்பு எங்க இருக்கு?”

அவள் பயந்துபோய் அவன் முகத்தைப் பார்த்தாள். சரியான பதில் அவன் முகத்தில் எங்காவது இருக்குமா என்று தேடினாள். “மேல் அறையிலயா சார்?” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனை உலுக்கியது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. சிலர் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள்.

அவன் வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கூடப் படித்த மத்தவங்க எங்க உக்காந்திருக்காங்க என்று டெல்ஃபினா கேட்டது நினைவுக்கு வந்தது. அவர்களின் முகங்களை ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தான். எல்லோரும் எழுதினார்கள். அவனுக்குள் மட்டும் எழுத்து பேசியது ஏன் என்று அவனுக்கு இப்போது தெரியவில்லை. சாட்டையாலா, எழுதியதாலா, அதையும் மீறி வேறு ஏதோ ஒன்றாலா? இத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகள் இந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்து போயிருப்பார்கள் என்று எண்ணப்போனவன், பாதியில் பயந்து நிறுத்திக்கொண்டான்.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டுவிட்டு, கருக்கலில் கிளம்பிக் கீழே இறங்கினான். இறங்க இறங்கக் கம்பளிச் சட்டை கனத்தது. லுக்மாபம்பாவில் காற்றே பழவாசனையாய் இருந்தது. பெரிய பள்ளிக்கூடம், சிமென்ட் கட்டடம். ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

ஒரு டீச்சர் முதுகைக் காட்டிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். நெருக்கமாய், பலகை நிறைய. பிள்ளைகள் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்சுவர் ஓரம் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருந்தன. மேலே பூப்போட்ட துணி, துணி மேல் கன்னிமரியாள் சொரூபம். வேறு யாருடைய வகுப்போ என்று நினைத்து ஒரு கணம் விலகப் பார்த்தான். அவள் திரும்பினாள். டெல்ஃபினாவேதான்.

மதியம் அவள் குடியிருந்த அறையில் சோளமும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். வெளியில் அவகாடோ மரத்தின் நிழலில் செனா உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். வளர்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து நின்று, ஸ்பானிஷில், “வணக்கம் அப்பா, நலமா?” என்றாள். ஒரு பிழை இல்லை.

அவன் நடந்ததைச் சொன்னான். உப்பு, மெழுகுவத்தி, ருஃபினா. டெல்ஃபினா சிரிப்பாள் அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சோளத்தை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

“திரும்பி வா டெல்ஃபினா. அலமாரியத் தொறந்துவிடறேன். உன் இஷ்டப்படி நடத்து. ஊர்கிட்ட நான் பேசறேன். இலாரியோ காலப் புடிச்சாவது பேசறேன்.”

“என்னன்னு பேசுவ?”

“நான் தப்புன்னு.”

“அத இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது?” அவள் குரலில் கோபமே இல்லை. “இங்க வந்து முதல் மாசம் பிள்ளைங்களத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பெத்தவங்க வந்தாங்க. தலைமையாசிரியர் கூப்பிட்டாரு. அதே பேச்சு லியோன்சியோ, ஒரு வார்த்த மாறல. பதில் சொல்லலாம்னு எழுந்தேன். நடுவுல உன் குரல் கேட்டுச்சு, ‘நான் அப்பவே சொன்னேன்’னு. உக்காந்துட்டேன்.”

“அதுக்காக நீ...”

“பலகை நிறைய எழுதறேன். அவங்க எழுதறாங்க. நோட்டு நிறையுது. எல்லாரும் வணக்கம் சொல்றாங்க. சாயங்காலம் தலை வலிக்கிறதில்ல, தூக்கம் வருது. இவ்வளவு சுலபம்னு எனக்குத் தெரியாது. நீ ஏன் அப்படிக் கட்டிக்காத்தேன்னு இப்பத்தான் புரியுது.”

“நான் நம்பினேன் டெல்ஃபினா. சுலபம்னு செய்யல.”

“ஆமா. நீயாவது நம்பின” என்றாள். “நான் நம்பாமலே செய்யறேன்.”

அவன் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தான். செனாவின் பக்கத்தில், மர வேரின்மேல் உட்கார்ந்தான். அவள் நிமிரவில்லை. நோட்டில் எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில், அச்சுப் போட்டது போல இருந்தன. இதைத்தான் அவன் இத்தனை நாளாய் ஆசைப்பட்டான்.

“வாசிம்மா” என்றான்.

வாசித்தாள். நீர் ஆவியாகி மேலே போகிறது, குளிர்ந்து மேகமாகிறது, மழையாய் விழுகிறது. கடினமான ஸ்பானிஷ் சொற்கள். ஒன்றிலும் நாக்கு தட்டவில்லை.

“அப்படின்னா என்ன? உன் வார்த்தையில சொல்லு.”

அவள் நோட்டில் பதிலைத் தேடினாள்.

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தான் கண்டித்த மொழியிலேயே, கெச்சுவாவில், மெதுவாய்க் கேட்டான். “மழை எங்கேர்ந்து வருதுடா கண்ணு?”

செனா திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டுவிட்டது போல அவள் முகம் சுருங்கியது. அறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஸ்பானிஷில், “இன்னும் தலைப்புக்கு அடியில கோடு போடல அப்பா” என்றாள். “சிவப்பு மையில போடணும். வளைஞ்சா மதிப்பெண் போயிரும்.”

அளவுகோலை எடுத்துத் தலைப்பின் கீழே வைத்தாள். அது நழுவியது. மறுபடி வைத்தாள்.

“இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சுக்குங்க” என்றாள்.

அவன் பிடித்துக்கொண்டான். அவள் நாக்கின் நுனியைக் கடித்தபடி கோட்டை இழுத்தாள். கோடு நேராக வந்தது.